அறிவுப் பொதுவுடைமையும் கல்லூரி வகுப்பறையும்

2024 நவம்பர் 25 அன்று ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டத்திற்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கீடு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை, சுமார் 6,300 அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களைச் சேர்ந்தோர் இதன்வழி படிக்க முடியும்.

ஆய்விதழ்கள் கைக்கு எட்டாமலிருந்த சிறுநகரக் கல்லூரி மாணவருக்கு இது பயன்படும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் பேரத்தின் தன்மை கவனத்திற்குரியது. அந்த இதழ்களை நிரப்பும் ஆய்வுகளில் பெரும்பகுதி பொதுப்பணத்தில் நடப்பவை. கட்டுரையை எழுதுபவருக்கோ அதை மதிப்பிடும் சக ஆய்வாளருக்கோ பதிப்பகம் பொதுவாக ஊதியம் தருவதில்லை. உழைப்பு சமூகத்தினுடையது, உடைமை எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி போன்ற பன்னாட்டு நிறுவனங்களுடையது. சந்தாக் காலம் முடிந்ததும் மீண்டும் பேரம், மீண்டும் பணம்.

இதற்கு நேரெதிரான உற்பத்தி முறை ஒன்று கடந்த நாற்பது ஆண்டுகளில் உருவாகி வளர்ந்துள்ளது. கட்டற்ற மென்பொருளும் விக்கிப்பீடியாவும் அதன் இரு பெரும் விளைச்சல்கள். இவற்றை யாரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். திருத்தியதைப் பிறருக்குத் தரும்போது அதே உரிமையையும் சேர்த்துத் தர வேண்டும் என்று குனு பொது உரிமம் நிபந்தனை விதிக்கிறது. விக்கிப்பீடியாவின் உரிமமும் அத்தகையதே. கூட்டாக உருவாக்கியது கூட்டுடைமையாகவே நீடிக்க வேண்டும் என்பதைச் சட்டமொழியில் எழுதிவைத்த ஏற்பாடு இது. இந்தியக் கல்லூரி மாணவர்கள் அன்றாடம் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். ஆனால், மிகப் பெரும்பாலோர் எடுத்துக்கொள்பவர்களாக மட்டுமே உள்ளனர். அவர்களை ஆக்குபவர்களாகவும் திருத்துபவர்களாகவும் மாற்றும் பணியைக் கல்லூரிப் பாடத்திட்டம் ஏற்க வேண்டும்.

இது வெறும் கனவன்று. கேரளத்தின் பள்ளிக் கல்வி இதில் ஒரு முன்னோடி. அங்கு 2001 இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் தனியுரிமை மென்பொருளைச் சுற்றியே அமைந்த கணினிப் பாடத்தை ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்த்தனர். 2006 இல் பொறுப்பேற்ற இடது ஜனநாயக முன்னணி அரசு, அடுத்த ஆண்டு வெளியிட்ட தகவல் தொழில்நுட்பக் கொள்கையில் கட்டற்ற மென்பொருளுக்கு முதன்மை இடம் அளித்தது. இன்று அம்மாநில அரசுப் பள்ளிகளின் கணினிகள் குனு/லினக்ஸில் இயங்குகின்றன. ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் பள்ளியின் வரலாற்றை மலையாளத்தில் எழுதிச் சேர்க்கும் ‘ஸ்கூல் விக்கி’யும் அங்கு உண்டு. உரிமக் கட்டணம் மிச்சமானது நல்லதே. அதைவிடப் பெரிது, கருவிகளைத் தம் மொழிக்கும் பாடத்திற்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள முடியும் என்ற துணிவை ஆசிரியர்கள் பெற்றது.

கல்லூரி அளவில் மும்பை ஐஐடியின் ‘ஃபோசி’ திட்டத்தைச் சொல்லலாம். விலையுயர்ந்த தனியுரிமைக் கணக்கீட்டு மென்பொருளுக்கு மாற்றாக ‘சைலேப்’ என்னும் திறமூல மென்பொருளை அது பரப்புகிறது. பொறியியல் பாடநூல்களில் தீர்வுடன் உள்ள எடுத்துக்காட்டுக் கணக்குகளுக்குக் கல்லூரி மாணவர்களே நிரல் எழுதுகின்றனர். அது சரிபார்க்கப்பட்டு அனைவருக்கும் பொதுவில் வைக்கப்படுகிறது. அதே நிறுவனத்தின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம், இத்தகைய மென்பொருள்களைக் கற்பிக்கும் சிறு காணொளிகளைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வழங்குகிறது. ஒரு மாணவர் செய்த வீட்டுப்பாடம் அடுத்த ஆண்டு மாணவருக்குப் பாடப்பொருளாகிறது.

ஆனால், தோல்வியிலிருந்தும் கற்க வேண்டும். 2011 இல் விக்கிமீடியா அறக்கட்டளை புனே நகரக் கல்லூரிகள் சிலவற்றில் ஒரு முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர்கள் பாடப்பணியாக ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுத வேண்டும். அவர்களில் பலர் நூல்களிலிருந்தும் இணையதளங்களிலிருந்தும் பத்தி பத்தியாக எடுத்து ஒட்டினர். பதிப்புரிமை மீறல்களைக் களைவதிலேயே தன்னார்வலர்கள் சோர்ந்தனர். அதே ஆண்டு நவம்பரில் அம்முயற்சி நிறுத்தப்பட்டது.

மாணவர்கள் மீது பழிபோடுவது எளிது. பள்ளிப்பருவம் முழுவதும் குறிப்பேட்டை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து மதிப்பெண் பெற்றவரிடம், சொந்த நடையில் எழுது, ஆதாரம் காட்டு என்று ஒரு பருவத்தில் கேட்டால் வேறென்ன நடக்கும்? பலருக்கும் ஆங்கிலம் சிந்தனையின் மொழியன்று. வழிகாட்ட வேண்டிய ஆசிரியர்களுக்கே விக்கிப்பீடியாவில் எழுதிய பழக்கம் குறைவு. எண்ணிக்கையை விரைந்து பெருக்கும் ஆவல் இந்தக் குறைகளை மேலும் பெரிதாக்கியது.

இங்குதான் தாய்மொழியின் இடம் புலப்படுகிறது. 2010 இல் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசும் தமிழ் விக்கிப்பீடியாவும் இணைந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தின. ஆங்கில ஆதாரத்தைப் படித்துத் தமிழில் எழுதும் மாணவர் பொருளை உள்வாங்க வேண்டும். கலைச்சொல்லைத் தேட வேண்டும். கிடைக்காவிடில் ஆக்க வேண்டும். உபரி மதிப்பைத் தம் மொழியில் விளக்க முயலும் பொருளியல் மாணவர் தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்பவரைவிட ஆழமாகக் கற்கிறார். இயந்திர மொழிபெயர்ப்பு இந்த உழைப்பையும் தவிர்க்க வழி திறந்துவிட்டது; ஆகவே வரைவை வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்கும் ஆசிரியர் முன்னினும் தேவைப்படுகிறார். 2018 இல் ஒல் சிக்கி எழுத்தில் சந்தாலி விக்கிப்பீடியா பிறந்தது. நூலகங்களில் இடம் மறுக்கப்பட்ட மொழிகளுக்கு இத்தகைய களம் எத்தகைய வாய்ப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு ஆபத்துகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். முதலாவது, பொதுவில் விளைந்ததை மூலதனம் அள்ளிக்கொள்வது. கட்டற்ற நிரல்கள் குவிந்துள்ள ‘கிட்ஹப்’ தளத்தை 2018 இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் விக்கிப்பீடியாவைத் தம் இயந்திரங்களுக்குத் தீனியாக்குகின்றன. இதற்காகப் பொதுக்களத்தை விட்டு விலகுவது அதை மூலதனத்திடம் முற்றாக ஒப்படைப்பதாகும். பகிர்வை நிபந்தனையாக்கும் உரிமங்களும், பல்கலைக்கழகங்களே நடத்தும் வழங்கிகளும் தேவை.

இரண்டாவது ஆபத்து மேலும் அருகில் உள்ளது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ‘ஸ்வயம்’ இணையவழிப் பாடங்களாக இருக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறைகள் அனுமதிக்கின்றன. நிரந்தரப் பணியிடங்கள் காலியாகக் கிடக்க, குறைந்த ஊதியத்தில் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து வகுப்புகளை ஓட்டும் நிலையில், ‘எல்லாம் இணையத்தில் இலவசமாக இருக்கிறதே’ என்ற வாதம் ஆட்குறைப்புக்கான கத்தியாகும். புனே அனுபவம் காட்டுவது இதற்கு நேர்மாறானது: கூட்டறிவுப் பணிக்கு ஆசிரியர் கூடுதலாகவே தேவை.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வும் எழுதப்படும் பாடப்பொருளும் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட வேண்டும். அரசுக் கல்லூரி ஆய்வகங்களில் கட்டற்ற மென்பொருளுக்கு முதலிடம் தரப்பட வேண்டும். கூட்டறிவுப் பணி மாணவரின் அகமதிப்பீட்டிலும் ஆசிரியரின் பணிச்சுமைக் கணக்கிலும் இடம்பெற வேண்டும். காலிப் பணியிடங்கள் நிரந்தரமாக நிரப்பப்பட வேண்டும். முந்தைய மூன்றும் இந்த நான்காவதன் மீதே நிற்கின்றன.

மாணவர், ஆசிரியர் அமைப்புகளில் பணியாற்றும் தோழர்கள் இதனைக் கணினித் துறையினரின் தனி ஆர்வமாகக் கருதிவிடலாகாது. புதிய கல்விக் கொள்கைக்கு எதிரான போராட்டத்தின் ஒரு கூறு இது. சட்டமும் ஆணையும் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு துறை, ஓர் ஆசிரியர், பத்து மாணவர், ஒரு பருவத்திற்குத் தாய்மொழியில் ஐந்து நல்ல கட்டுரைகள் என்று இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.