ரிட்டர்ன் எந்த ஃபங்ஷனை முடிக்க வேண்டும்?

பெயரற்ற ஃபங்ஷனுக்குள் எழுதிய ரிட்டர்ன் அந்தப் பெயரற்ற ஃபங்ஷனை மட்டும்தான் முடிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான நிரலாளர்கள் மாறாத விதியாக நம்புகிறார்கள். அது விதியல்ல, மொழியை வடிவமைத்தவர்கள் செய்த தேர்வு. பல இடங்களில் தவறான தேர்வும்கூட. ஸ்மால்டாக்-80 மொழியில் பெயரற்ற ஃபங்ஷனுக்கு இணையான பிளாக்குக்குள் ரிட்டர்ன் வந்தால், அந்த பிளாக் எழுதப்பட்டிருக்கும் மெத்தடே முடிந்துவிடும். அங்கே நிபந்தனையும் சுழற்சியும்கூட பிளாக்குகளை வாங்கும் மெசேஜ்கள்தான். நிபந்தனைக்குள் எழுதிய ரிட்டர்ன் நிபந்தனையை மட்டும் முடித்தால் அதனால் யாருக்கு என்ன பயன்?

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு ஃபார் லூப் பட்டியலில் எதையோ தேடுகிறது. கிடைத்ததும் ரிட்டர்ன் செய்கிறது. அதையே ஃபார்ஈச்சுக்கு மாற்றிப் பாருங்கள். அதே ரிட்டர்ன் இப்போது அடுத்த உறுப்புக்குத் தாவுகிறது. தேடல் கடைசிவரை ஓடுகிறது, கிடைத்த விடை தொலைந்துபோகிறது, பிழைச் செய்தி ஒன்றுகூட வருவதில்லை. ஃபைண்ட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது நூலகம் எழுதியவர் முன்கூட்டியே நினைத்துப் பார்த்த தேவைக்கு மட்டும் உதவும். ஃபார்ஈச் போலப் பெயரற்ற ஃபங்ஷனை வாங்கும் ஒரு சுழற்சியை நாமே வடிவமைத்தால், அதற்குள் எழுதிய ரிட்டர்னால் வெளி ஃபங்ஷனை முடிக்க வழியில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது இது: மெத்தட் முடிந்த பிறகு பிளாக்கை அழைத்தால் ரிட்டர்ன் எங்கே போகும்? நியாயமான கேள்விதான். ரூபியில் அது ஓடும்போது லோக்கல்ஜம்ப்எரர் ஆகிறது. ஸ்காலா இந்த ரிட்டர்னை எக்செப்ஷனாக வீசியது. எல்லாவற்றையும் பிடிக்கும் கேட்ச் அதை விழுங்கிவிடும். ஸ்காலா 3.2 அந்த வசதியைக் கைவிடத் தொடங்கியதில் வியப்பில்லை. ஆனால் இவை செயல்படுத்திய முறையின் குறைகள். கோட்லின் இதை கம்பைல் நேரத்திலேயே தீர்த்துவிட்டது: இன்லைன் ஃபங்ஷனுக்குக் கொடுத்த லாம்டாவில் ரிட்டர்ன் வெளி ஃபங்ஷனை முடிக்கும், லாம்டாவைச் சேமித்துவைக்கக்கூடிய இடத்தில் வெறும் ரிட்டர்னை கம்பைலர் ஏற்காது, லேபிள் கேட்கும். அழைக்கப்படுவது இன்லைனா என்று படிப்பவர் தெரிந்திருக்க வேண்டும் என்பது உண்மை. அந்தச் சுமை சிறியது, தவறினால் கம்பைலர் நிறுத்திவிடும். ஜாவாஸ்கிரிப்ட் தரும் மௌனத்தைவிட அது எவ்வளவோ மேல்.

புதிய வசதிகளைச் சேர்க்கத் தயங்குவதற்குப் பெயர்பெற்ற கோ மொழியும் 2024 ஆகஸ்டில் வந்த 1.23 பதிப்பில் இந்தப் பக்கமே வந்தது. ஃபங்ஷன்மீது ரேஞ்ச் ஓட்டும்போது லூப்பின் உடலை கம்பைலர் உள்ளுக்குள் பெயரற்ற ஃபங்ஷனாக மாற்றுகிறது. என்றாலும் அதில் எழுதிய ரிட்டர்ன், எழுதியவர் எதிர்பார்க்கிறபடி, வெளி ஃபங்ஷனையே முடிக்கிறது.