சூளைக்கும் போகட்டும் வைட்டமின் ஏ

அந்தி சாய்ந்ததும் குழந்தை தட்டுத் தடுமாறினால் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறோம். அது வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். இச்சத்து உடலில் ரெட்டினோயிக் அமிலமாக மாறி, கண், குடல், நுரையீரலின் படலங்களைக் காக்கிறது. 1990-ல் வெளியான திருச்சி மாவட்ட ஆய்வில், வாரந்தோறும் சிறிதளவு இச்சத்து பெற்ற குழந்தைகளிடம் இறப்பு 54 சதவீதம் குறைந்தது.

ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயதுவரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் தருவது அரசுத் திட்டம். பிழைப்புக்காகச் செங்கல் சூளைக்குப் போகும் தலித், இருளர் குடும்பத்தில் பெயர் ஊர்ப் பதிவேட்டில் இருக்கும். பிள்ளை சூளையில் இருக்கும்.

முருங்கைக்கீரை கொடுங்கள் என்பது எளிது. அந்தச் சத்து உடலில் சேர எண்ணெய் வேண்டும். எண்ணெய்க்குக் கூலி வேண்டும்.

திருக்கழுக்குன்றம் வட்டாரச் செவிலியர்கள் சூளை வாசலுக்கே போகட்டும். பெற்றோர் எங்கே வேலை செய்தாலும் பிள்ளையின் தவணை தவறக்கூடாது.