பேனர் போட்டாச்சு, அப்புறம்?

ஆடிட்டர், வக்கீல், டாக்டர் என்று எந்த அலுவலகத்தில் குக்கி பற்றிப் பேச்செடுத்தாலும் கிடைக்கிற பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "சைட்டுல பேனர் போட்டாச்சு சார். யார் பேரும் போன் நம்பரும் நாம வாங்குறதில்ல. நமக்கு என்ன வந்துடப்போகுது?" இதில் ஒரு வரிகூடத் தேறாது.

பேனரையே எடுத்துக்கொள்வோம். உங்கள் தளத்தைப் புதிதாக க்ரோமில் திறந்து, எதையும் அழுத்தாமல், எஃப்12 விசையைத் தட்டி, 'அப்ளிகேஷன்' பகுதியில் குக்கிப் பட்டியலைப் பாருங்கள். பல தளங்களில் பேனர் அப்போதுதான் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கும். கூகுள் அனலிட்டிக்ஸின் குக்கி அதற்குள் இறங்கியிருக்கும். கூகுள் அதற்குக் குறிக்கும் வழக்கமான ஆயுள் இரண்டு ஆண்டு, க்ரோம் அதை 400 நாளோடு நிறுத்திவிடும். எடுத்த பிறகு கேட்பது சம்மதம் ஆகாது. முன்கூட்டியே டிக் அடித்துவைத்த கட்டமும் சம்மதமாகாது என்று பிளானட்49 வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று தீர்ப்பளித்தது. ஏற்பதைப் போலவே மறுப்பதும் எளிதாக இல்லை என்பதற்காக, பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது.

'பேரே வாங்கவில்லையே' என்பது இரண்டாவது வாதம். குக்கியில் இருப்பது தனிநபர் தகவலா இல்லையா என்பதே கேள்வியல்ல, பயனரின் கருவிக்குள் கைவைப்பதற்கே சம்மதம் வேண்டும் என்று அதே பிளானட்49 தீர்ப்பு சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள். கணவருக்குத் தெரியாமல் ஒரு பெண் வக்கீலின் தளத்தில் ஜீவனாம்சம் பற்றிய பக்கத்தைப் படிக்கிறார். அங்கே ஃபேஸ்புக் பிக்சல் என்ற கண்காணிப்பு நிரல் இருந்தால், அந்தப் பக்கத்தின் முகவரி அந்த நிறுவனத்துக்குப் போகிறது. அதே பிரவுசரில் அவர் ஃபேஸ்புக்கில் உள்ளே நுழைந்திருந்தால், படித்தவர் யார் என்பதையும் இணைத்துவிட முடியும். கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லமாட்டேன் என்பதுதான் அந்தத் தொழிலின் மூலதனம். அவர் வாசலுக்கு வருமுன்பே இப்படித் தகவல் கசிவதை என்னால் சிறிய விஷயமாக நினைக்க முடியவில்லை.

'அது ஃபேஸ்புக்கின் பாடு' என்பாரும் உண்டு. 2019 ஜூலையில் ஃபேஷன் ஐடி வழக்கில் அதுவும் அடிபட்டது. லைக் பட்டனைத் தன் தளத்தில் வைத்த ஜெர்மன் துணிக்கடையும், தகவலைத் திரட்டி அனுப்பும் அளவுக்குக் கூட்டுப் பொறுப்பாளி என்றது நீதிமன்றம்.

கடைசி வாதம் நம் ஊருக்கானது: இந்தியச் சட்டத்தில் குக்கி என்ற சொல்லே கிடையாது. உண்மைதான். ஆனால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அந்தச் சொல் தேவையில்லை. ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தரவும் அதற்குள் வரும். சம்மதம் தெளிவான செயலால் தரப்பட வேண்டும். கொடுத்த அதே எளிமையோடு திரும்பப் பெறவும் வழி வேண்டும். அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வகை செய்ய வேண்டும். 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்குத் தரப்பட்ட அவகாசம் 18 மாதம்.

பேனரே தொல்லை என்ற சலிப்பு நியாயமானது. லாகினுக்கு இன்றியமையாத குக்கிக்கு ஐரோப்பாவில்கூட யாரும் சம்மதம் கேட்கவில்லை. முகவரியும் சேவைப் பட்டியலும் மட்டும் உள்ள ஒரு அலுவலகத் தளத்துக்கு பிக்சலும் அனலிட்டிக்ஸும் எதற்கு? தளம் செய்துகொடுத்தவரிடம் அவற்றைக் கழற்றச் சொல்லுங்கள். பேனரையும் சேர்த்தே எடுத்துவிடலாம்.