வீட்டுப் பக்கம்: அலுமாரியால் இறங்கிய பாவைப்பிள்ளைகள்

எங்கள் வீட்டு அலுமாரியில் 31 பாவைப்பிள்ளைகள் இருந்தன. இப்போது 12. இம்முறை அந்தக் கதை.

பெரும்பாலும் சரிற்றிக் கடைகளில் வாங்கிய பழைய பார்பிகள். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, தலையைக் கழற்றி, அசிற்றோன் கலந்த நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் தொட்டு முகத்தை அழிப்பேன். மெல்லிய வைனில் முகம் தாங்கும். கடினமான பிளாஸ்ரிக் உடம்பில் பட்டால் கரைந்து மங்கிவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிறகு அக்ரிலிக் வர்ணத்தில் கண், புருவம், பொட்டு. தோலுக்கு மண்ணிறம் பூசிப் பார்த்தேன், கை மடிக்கும் இடத்தில் உரிந்துவிட்டது. மண்ணிறமாகவே வந்த பிள்ளையைத் தேடி வாங்குவது சுகம். (பார்பி 1959இல் வந்தவள். அதே பெயரில் கறுப்பு நிறப் பிள்ளை வர 1980 ஆயிற்று!)

சேலைதான் கஷ்டம். பார்பி மனிதரில் ஆறில் ஒரு பங்கு. ஐந்தரை மீற்றர் சேலை அவளுக்கு ஏறக்குறைய 90 சென்ரிமீற்றர். பட்டில் வெட்டினால் கொய்யகம் விறைத்து நிற்கும். பழைய வொயில் சேலை நல்லது.

"பெத்னல் கிறீன் நூதனசாலைக்குப் போட்டியோ?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்பார். அந்த நூதனசாலை 2023 முதல் 'யங் வி அன்ட் ஏ' என்ற பெயரில் இயங்குகிறது. அனுமதி இலவசம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஏன் இத்தனை சேர்த்தேன் என்று எனக்குத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா காணி உறுதியையும் அரிசியையும் எடுத்தா. என் பாவைப்பிள்ளை கட்டிலில் கிடந்தது. நாவற்குழிப் பாலத்தடியில் சனத்துக்குள் நிற்கும்போதுதான் நினைவு வந்தது. திரும்ப வழியில்லை.

இங்கே ஒன்றையும் விட மனம் வரவில்லை. ஆனால் பிள்ளைகள் வளர்ந்து அறை தேவைப்பட்டது. சரிற்றிக் கடைகள் பல பாதுகாப்புக் குறி இல்லாத விளையாட்டுப் பொருளை எடுப்பதில்லை. நான் மாற்றியவற்றில் மணியும் ஊசியும் வேறு. ஆகவே அவற்றைக் கழற்றிவிட்டு, தெரிந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீட்டுக்குக் கொடுக்கவில்லை.

புதிதாக வந்த குடும்பம் ஒன்றின் ஏழு வயது மகள், நான் கொடுக்க நினைக்காத ஒன்றைத்தான் கேட்டாள். அம்மாவின் கடைசி வொயில் சேலையில் வெட்டி உடுத்தியது. "வேறொன்று எடுங்கோ பிள்ளை" என்றேன். தலையாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொடுத்துவிட்டேன்.

மறுநாள் தாய் ரெலிபோன் எடுத்தா. "அக்கா, குறை நினைக்காதேங்கோ. பிள்ளை அதைக் குளிக்கவார்த்துச் சேலையையும் தோய்த்துப்போட்டாள், சாயம் போகுது."

நிழலில் காயப்போடச் சொன்னேன்.