க்ளைம் ரிஜெக்ட் ஆகிடுச்சா? அந்தக் கடிதத்தோடு கதை முடியாது!

அப்பாவுக்கு நெஞ்சுவலி. அடையாறில் ஒரு மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தாயிற்று. 'வீட்டுக்குப் போகலாம்' என்று டாக்டர் சொல்லி ஐந்து மணி நேரம் ஆகிறது. பில்லிங் கவுன்ட்டரில் ஒரே பதில்தான்: "இன்ஷூரன்ஸ்ல இருந்து இன்னும் அப்ரூவல் வரலை சார்." கடைசியில் ஒரு மெயில் வருகிறது. 'ஏற்கெனவே இருந்த நோயை நீங்கள் தெரிவிக்கவில்லை. எனவே க்ளைம் நிராகரிக்கப்படுகிறது.' ஆறு வருஷம் விடாமல் பிரீமியம் கட்டிய குடும்பம், நகையை அடகு வைக்க தி.நகருக்கு ஓடுகிறது.

கற்பனைக் காட்சிதான். ஆனால், சென்னையில் பலருக்கும் பழகிப்போன காட்சி. இந்த ஒரு சம்பவத்துக்குள்ளேயே உங்களுக்குச் சாதகமாக மூன்று விதிகள் இருக்கின்றன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

எந்த மூன்று விதிகள்?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2024 மே 29 அன்று மருத்துவக் காப்பீட்டுக்கான தொகுப்புச் சுற்றறிக்கையை வெளியிட்டது.

முதலாவது, நேரம். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்தால் 3 மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும். அதைத் தாண்டியதால் மருத்துவமனை கூடுதலாக வசூலிக்கும் பணத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனமே ஏற்க வேண்டும்.

இரண்டாவது, 60 மாதக் கணக்கு. தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடப்பில் இருந்தால், 'தகவலை மறைத்தீர்கள்' என்று சொல்லி க்ளைமை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம். முன்பு இது 8 வருஷமாக இருந்தது. ஒரு விஷயம்: நடுவில் காப்பீட்டுத் தொகையை உயர்த்தியிருந்தால், உயர்த்திய தொகைக்கு 60 மாதம் தனியாக எண்ணப்படும்.

மூன்றாவது, காரணம். க்ளைம் பரிசீலனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த க்ளைமையும் நிராகரிக்கக் கூடாது. பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள் என்பதையும் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். 'நிறுவன விதிகளின்படி' என்று மொட்டையாக எழுதினால் போதாது.

ஆயுள் காப்பீட்டுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு 2015இல் திருத்தப்பட்டது. அதன்படி 3 ஆண்டுகள் கடந்த பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்க முடியாது.

நீதிமன்றம் என்ன சொல்கிறது?

ராயப்பேட்டை ஒயிட்ஸ் சாலையில் தலைமையகம் வைத்திருக்கும் பொதுத்துறை நிறுவனம் யுனைடெட் இந்தியா. அதனிடம் வெளிநாட்டுப் பயண மெடிக்ளைம் எடுத்த ஒருவர் 2009இல் அமெரிக்கா போனார். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதுமே உடல்நலம் குன்றியது, மாரடைப்பு. மூன்று ஸ்டென்ட். சர்க்கரை நோய் இருப்பதை அவர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால், கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று க்ளைம் மறுக்கப்பட்டது. தேசிய நுகர்வோர் ஆணையத்திலும் அவருக்குத் தோல்வி.

2021 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி எழுதியது. ஒருவரின் உடல்நிலையை மதிப்பிட்ட பிறகு பாலிசி கொடுத்த நிறுவனம், அவர் ஏற்கெனவே தெரிவித்த நோயையே காட்டிப் பின்னர் க்ளைமை மறுக்க முடியாது என்றது. வட்டியோடு பணம் தரவும் உத்தரவிட்டது. ஜெயித்தார், சரி. ஆனால் 12 வருஷம் ஆனது!

அவ்வளவு காலம் காத்திருக்கணுமா?

வேண்டாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்திலும் பதியலாம். கட்டணமில்லா எண் 155255. போனில் பேசிவிட்டு விட்டுவிடாதீர்கள், கையில் ஆதாரம் இருக்கணும்.

ஒரு மாதத்தில் பதில் இல்லையா, பதிலில் திருப்தி இல்லையா? அடுத்தது காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையிலேயே இருக்கிறது. மயிலாப்பூரிலிருந்து கூப்பிடு தூரம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. எல்லா ஆவணங்களும் கிடைத்த 3 மாதத்துக்குள் தீர்ப்பு வர வேண்டும். அதை நிறுவனம் 30 நாளில் நிறைவேற்றாவிட்டால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் பாலிசிதாரருக்குத் தர வேண்டும். ஆனால், நிராகரிப்புக் கடிதம் வந்த ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும்.

நுகர்வோர் ஆணையம் எதற்கு?

ஆம்பட்ஸ்மேன் தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் அங்கே போகலாம். நேரடியாகவும் போகலாம், கால வரம்பு 2 ஆண்டுகள். 2019ஆம் ஆண்டு சட்டப்படி, கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, கட்டிய பணத்தை வைத்துத்தான் எந்த ஆணையம் என்று முடிவாகிறது. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. பெரும்பாலானவர்களின் பிரீமியம் அதற்குள்தான் இருக்கும். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஆனால், வரிசை முக்கியம்: ஏற்கெனவே ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ வழக்கு இருந்தால், அதே புகாரை ஆம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார்.

இன்றே செய்ய வேண்டியது

இந்த விதிகள் எல்லாம் உண்மையைச் சொன்னவருக்குத்தான் முழு பலம் தரும். 'சுகர் இருக்கிறதைப் போட்டா பிரீமியம் ஏறிடும், விடுங்க' என்று ஏஜென்ட் சொல்லலாம். ஆனால், கையெழுத்து உங்களுடையது. முதல் 5 வருஷத்துக்குள் க்ளைம் வந்தால் மாட்டிக்கொள்வதும் நீங்கள்தான். இன்று இரவு மெயிலில் உங்கள் விண்ணப்பப் படிவத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். புதுசாக எடுத்த பாலிசி என்றால், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் இருக்கிறது. பழைய பாலிசியில் ஏதாவது விடுபட்டிருந்தால், இப்போதே நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று யோசிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.