ஐம்பது வயது காரும் ஐம்பது வயதுப் பெண்ணும்

எங்கள் பெரியப்பா மகனுக்கு 63 வயது. நாங்குநேரி வீட்டுத் தொழுவத்தில் கோழி அடைந்து கிடந்த பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை, ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தைப் போட்டு மறுபடி ஓட வைத்தார். முதல் ஓட்டம் வானமாமலைப் பெருமாள் கோயில் வாசல் வரைக்கும். தெருவே நின்று பார்த்தது. "அண்ணாச்சிக்கு இன்னும் வாலிபம் போகல" என்றார்கள். பாராட்டித்தான் சொன்னார்கள்.

அதற்கடுத்த மாதம் நான் கார் ஓட்டப் பழகச் சேர்ந்தேன். எனக்கு 54. அதே தெரு என்னிடம் கேட்டது: "ஏட்டி, இந்த வயசுல ஒனக்கு எதுக்கு இதெல்லாம்?"

63க்கு வாலிபம், 54க்கு முதுமை. இது எந்த ஊர்க் கணக்கு?

ஹெரால்டு 1961 முதல் சென்னையில் தயாரான கார். இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் அது. அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் ட்ரையம்ப் நிறுவனம் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. அதில் இரண்டே இருக்கைகள். பிள்ளைக்கு இடமில்லை, மாமியாருக்கு இடமில்லை, அரிசி மூட்டைக்கும் இடமில்லை. யாரையும் ஏற்றி இறக்கும் பொறுப்பு இல்லாதவருக்கென்றே செய்த வண்டி அது.

பழைய கார்கள் அணிவகுக்கும் விழாக்களில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் நரைத்த தலைகள், பெரும்பாலும் ஆண்கள். காரணம் எளிது. பத்து வயதில் தெருவில் பார்த்து ஏங்கிய காரை வாங்க, கடன் அடைந்து, பிள்ளைகள் கரையேறி, கையில் காசும் நேரமும் சேர வேண்டும். அதற்குள் ஐம்பது தாண்டிவிடுகிறது. அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. அதே தெருவில், அதே காரை, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்த பத்து வயதுப் பெண்ணின் ஆசை எங்கே போனது என்று கேட்கிறேன். அவளுக்கும் கடன் அடைந்தது, அவள் பிள்ளைகளும் கரையேறினார்கள். அவள் கையில் சேர்ந்தது பேரப்பிள்ளை.

"பெண்களுக்கு வண்டியில ஆர்வம் கிடையாது" என்று உடனே பதில் வரும். 1888இல் கணவர் செய்த மோட்டார் வண்டியை, அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் போனார் பெர்தா பென்ஸ். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் அது. அப்போது அவருக்கு 39 வயது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், ஊர் சிரித்ததைப் பொருட்படுத்தாமல் சைக்கிள் பழகினார்கள். 1993இல் பக்கத்துக் குமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். ஆர்வம் இல்லையாம்!

இனி சட்டத்துக்கு வருவோம். 2021இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வாகனம், மூல வடிவம் மாறாமல் இருந்தால், 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு பெறலாம். தனி எண் வரிசையும் உண்டு. இரும்புக்கு ஐம்பது வயதானால் பாரம்பரியம். பெண்ணுக்கு ஐம்பதானால் "மூட்டு வலிக்கலையா?"

2018இல் தமிழ்நாட்டில் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் தொடங்கியபோது விதித்த வயது 18 முதல் 40 வரை. பெர்தா பென்ஸ் இங்கே பிறந்திருந்தால் ஓராண்டில் அவகாசம் முடிந்திருக்கும்.

அந்த விதியில் இன்னொன்றையும் கவனியுங்கள். வேலைக்குப் போகிற பெண்ணுக்குத்தான் வண்டி. பிள்ளையைப் பள்ளியில் விட, ரேஷன் வாங்க, ஆஸ்பத்திரிக்கு ஓட என்றால் நம் வீடுகளும் பெண்ணுக்கு ஸ்கூட்டர் வாங்கித் தருகின்றன. பிரயோஜனம் இருக்கும்வரை அனுமதி. என் அண்ணனின் ஹெரால்டால் என்ன பிரயோஜனம்? ஒன்றுமில்லை. அது சந்தோஷத்துக்கு. பிரயோஜனமில்லாத ஒன்றுக்குத் தன் காசைச் செலவழிக்கும் உரிமை ஆணுக்கு எந்த வயதிலும் உண்டு. பெண்ணுக்கு எந்த வயதிலும் இல்லை. வயது என்பது சாக்கு. இருபதில் "கல்யாணம் ஆகட்டும்", முப்பதில் "பிள்ளை வளரட்டும்", ஐம்பதில் "இனி எதுக்கு?"

தோழிகள் சிலர் கேட்கிறார்கள்: சோற்றுக்கே வழியில்லாத பெண்கள் இருக்கும்போது கார் ஒரு பிரச்சினையா? நியாயமான கேள்வி. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் கிடைத்த கட்டணமில்லாப் பயணம், எந்தக் காரையும்விடப் பெரிய விடுதலை. அது விரிய வேண்டும். யார் வண்டி ஓட்டினால் அழகு, யார் ஓட்டினால் திமிர் என்பதைச் சாதியும் தீர்மானிக்கிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் தலித் மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதே காரணம் என்றார்கள் குடும்பத்தார். எங்கள் தெரு அண்ணாச்சிக்குக் கொடுத்த மரியாதையில் அவர் சாதிக்கும் பங்குண்டு. இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பெண் விடுதலை பேச முடியாது.

ஆனாலும் "அவசியம் இருந்தால் மட்டும்" என்ற தராசில் பெண்களின் ஆசைகளை மட்டும் நிறுத்துப் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன். எல்லாப் பெண்ணுக்கும் ஹெரால்டு வேண்டுமென்று கேட்கவில்லை. தன் பெயரில் கொஞ்சம் காசு, கணக்குச் சொல்ல வேண்டாத ஒரு மத்தியானம், யாரையும் கொண்டுபோய் விட வேண்டியிராத ஒரு பயணம். இவ்வளவுதான்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு: 18 முடிந்ததும் ஓட்டுநர் உரிமம் எடுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். 40 வயதைக் கடந்தவர் மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அவ்வளவே. உரிமம் பெற மேல் வயது வரம்பு எதுவும் சட்டத்தில் கிடையாது. வரம்பு வீட்டில்தான் இருக்கிறது.

இரண்டாவது முயற்சியில் எனக்கு உரிமம் கிடைத்தது. அண்ணனிடம் போய், களக்காடு வரை ஓட்டிவிட்டு வருகிறேன் என்று ஹெரால்டின் சாவியைக் கேட்டேன். "கியர் ரொம்ப டைட்டா இருக்கும் தாயி, ஒனக்குச் சரிப்படாது" என்றார். அறுபத்துமூன்று வயதுக் கைக்குச் சரிப்படுகிற கியர் ஐம்பத்துநான்கு வயதுக் கைக்கு ஏன் சரிப்படாது என்று கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்கப் போகிறேன்.