விரைந்து திரும்பும் விமானம் எது?

2024ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் சென்னை மெரினாக் கடற்கரையின்மேல் சூரியகிரண் விமானங்கள் நிகழ்த்திய வித்தைகளைப் பற்றிய பேச்சு மல்லாங்கிணறு வரையில் எட்டிற்று. இக்கால வான்வித்தை விமானத்தின் முன் பண்டைப் போர் விமானம் வெறுங் கட்டைவண்டியே என்பாரும் அன்று உளராயினர். அக்கூற்று எமக்கு உடன்பாடன்று.

சுழல்வதொன்றையே அளவுகோலாகக் கொள்ளின் அவர்க்கே வெற்றி. வித்தைக்கென்றே ஜெர்மனியிற் செய்யப்பெறும் எக்ஸ்ட்ரா விமானம் ஒரு வினாடிக்குள் ஒருமுறை முழுதும் உருண்டுவிடும். புவியீர்ப்பினும் பதின்மடங்கு விசையைத் தாங்கும். 1936இல் முதன்முதற் பறந்த ஸ்பிட்ஃபயரோ, மிகு வேகத்தில் இறக்கையோர மடல்கள் இறுகிப்போக, விமானியின் தோள்வலியைச் சோதித்தது. அம்மடல்களுக்குத் துணிக்கு மாற்றாக உலோகம் போர்த்திய பின்னரே அக்குறை தணிந்தது. மூக்கைத் திடீரெனத் தாழ்த்தினால் அதன் எஞ்சின் எண்ணெய் பெறாது விக்கும்; பகைவரின் மெஸ்ஸர்ஷ்மிட் விக்காது; பாய்ந்து தப்பும். 1941இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பொறியியற் பெண்மணி துளையிட்ட சிறு தகடொன்றால் அவ்விடரைப் பெரிதுங் குறைத்தார். எத்துணைச் சிறு பொருள்!

நிற்க. வேகம் இருமடங்காயின், அதே விசையில் திரும்பும் வட்டத்தின் ஆரம் நான்மடங்காகும். எக்ஸ்ட்ராவின் எடை ஓராயிரம் கிலோவுக்குக் குறைவு. அதன் வேகவரம்பு மணிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். ஸ்பிட்ஃபயரோ எட்டுத் துப்பாக்கிகளும் குண்டுகளுஞ் சுமந்து 550க்கு மேலும் விரைந்தது. சுமையற்றவன் குட்டிக்கரணம் அடிப்பதைக் காட்டி மூட்டை சுமப்பவனை இகழ்தல் முறையாமோ?

எம் வட்டாரத்துச் சிறுவரும் இதன் நுட்பம் அறிவர். ராக்கெட் வாணத்தின் குச்சியை ஒடித்துவிட்டால் அது கண்டபடி துள்ளும். துள்ளுதல் வேண்டுவார்க்கு அது நன்று, குறி வேண்டுவார்க்கு ஆகாது. வித்தை விமானத்தைச் சமைப்போர் அக்குச்சியைக் குறைக்கின்றனர். சுடும் விமானிக்கோ, ஓரிரு வினாடியேனும் அசையாது நிற்கும் மூக்கு வேண்டும். ஆதலின் அவன் விமானத்தில் துள்ளலும் நிலைபேறும் ஒருங்கே அமைதல் வேண்டும். இதுவே அரிய தொழில் என்போம்.

அவ்வமைதி தவறியதன் விலையைச் சென்னை மாகாணம் என்னும் பெயர் பூண்ட 264ஆம் பிரிட்டிஷ் விமான அணி கொடுத்தது. அவ்வணியின் டிஃபயண்ட் விமானம் ஸ்பிட்ஃபயரைப் போன்றே மெர்லின் எஞ்சின் உடையது. ஆயின் துப்பாக்கி நான்கும் விமானிக்குப் பின்னே சுழலும் கூண்டில் இருந்தன. முன்னோக்கிச் சுட ஒன்றுமில்லை. கூண்டின் சுமையால் திரும்புதலும் மந்தமாயிற்று. 1940 ஆகஸ்டு இறுதியில், சில நாட்களுக்குள்ளே, அவ்வணி பலரை இழந்தது. எஞ்சியோர் இராப்போருக்கு மாற்றப்பட்டனர். 1942இல் அவர்க்கு மஸ்கிட்டோ விமானங்கள் கிட்டின.